வாத்து வேட்டைக்கு எந்தத் தோட்டா? சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்காவில் வாத்து வேட்டைப் பருவம் நெருங்கினால் துப்பாக்கிக் கடைகளில் ஒரே பேச்சுதான். 12 போர் ஷாட்கனுக்கு இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா போதுமா, மூன்று அங்குலம் வேண்டுமா, மூன்றரை அங்குலமே வாங்கிவிடலாமா? வேட்டைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்துவரும் இச்சங்கம் தன் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறது. வாத்துக்கு மூன்று அங்குலம் தாராளம். எஃகுக் குண்டால் 40 கெஜத்துக்கு அப்பால் சுடக் கூடாது. ஈயக்குண்டு எந்தப் பறவை வேட்டையிலும் இனி வேண்டாம்.

மூன்றரை அங்குலத் தோட்டாவின் கதை ஈயத்தில் தொடங்குகிறது. வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் பழக்கமுள்ளவை. சதுப்புநிலச் சேற்றில் கிடக்கும் ஈயக்குண்டையும் கல்லென்று விழுங்கிவிடும். அரைவைப்பையில் தேயும் ஈயம் ரத்தத்தில் கலந்து பறவையைக் கொல்லும். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் இப்படி மடிவதாக ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இல் மதிப்பிட்டார். நெடிய வாதப் பிரதிவாதங்களுக்குப் பின் 1991இல்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டுக்கு நாடு தழுவிய தடை முழுமையாக அமலுக்கு வந்தது. அதற்குப் பலனும் கிடைத்தது. 1997ஆம் ஆண்டின் இலையுதிர்கால வலசையில் மட்டும் சுமார் 14 லட்சம் வாத்துகள் இந்த மாற்றத்தால் உயிர் தப்பியதாகப் பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஈயத்தின் இடத்துக்கு எஃகு வந்தது. அதே பருமனுள்ள ஈயக்குண்டைவிட எஃகுக் குண்டு ஏறத்தாழ 30 சதவீதம் எடை குறைவு என்பதால், காற்றில் சீக்கிரமே வேகம் இழக்கும். அதை ஈடுகட்ட 4ஆம் எண் ஈயம் பயன்படுத்தியவர்கள் அதைவிடப் பெரிய 2ஆம் எண் எஃகுக்கு மாறினார்கள். குண்டு பெருத்ததும் தோட்டாவுக்குள் இடம் போதவில்லை. தடை படிப்படியாக அமலாகிக்கொண்டிருந்த 1988இல் ஃபெடரல் நிறுவனத்தின் மூன்றரை அங்குலத் தோட்டாவும், அதற்கென்றே மாஸ்பெர்க் வடிவமைத்த 835 துப்பாக்கியும் சந்தைக்கு வந்தன.

அந்த நீளம் தருவது கூடுதல் இடம்தான்.

2ஆம் எண் எஃகுக் குண்டு அவுன்ஸுக்குச் சுமார் 125 இருக்கும். ஒன்றேஅரைக்கால் அவுன்ஸ் கொள்ளும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவில் 140, ஒன்றேகால் அவுன்ஸ் கொள்ளும் மூன்று அங்குலத்தில் 156, ஒன்றரை அவுன்ஸ் கொள்ளும் மூன்றரை அங்குலத்தில் 187 என்று கணக்கு வரும். கடைசி இரண்டுக்கும் இடையே 31 குண்டுகள் வித்தியாசம். பரவல் சற்று அடர்த்தியாகும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு குண்டின் எடையும் அதேதான். கிளம்பும் வேகம் ஒன்றாக இருந்தால், 50 கெஜத்தில் அதன் ஊடுருவும் திறனும் அதேதான். நீளத் தோட்டாவை நம்பி எட்டாத பறவையைச் சுடுபவர் அதைக் காயப்படுத்தி நாணலுக்குள் சாகவிடுகிறார். இதைச் சங்கம் வேட்டையாக ஏற்பதில்லை.

கூடுதல் குண்டுக்கு விலையும் உண்டு. தோட்டாவுக்குக் காசு கூடும். தோளில் விழும் உதையும் கூடும். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வார், குறி தவறும். புதிதாக வேட்டைக்கு வருபவர் இரண்டேமுக்கால் அங்குலத்தில் தொடங்குவதே நல்லது. கனடா வாத்து போன்ற பெரும் பறவைகளுக்கு பிபி அளவுக் குண்டு தேவைப்படும். அது அவுன்ஸுக்கு 72தான் வரும் என்பதால், உதையைத் தாங்கப் பழகியவர் அங்கே மூன்றரை அங்குலம் பயன்படுத்துவதில் சங்கத்துக்கு மறுப்பில்லை.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். அதனால் இரண்டேமுக்கால் அங்குல அறையுள்ள பழைய துப்பாக்கியிலும் மூன்று அங்குலத் தோட்டா சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றிக் குழலின் குறுகிய கழுத்தை அடைக்கும், அழுத்தம் எகிறும். மூன்று அங்குலம் வரையிலான 12 போர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. மூன்றரை அங்குலத்துக்கு 14,000. குழலின் மீது பொறித்திருக்கும் அளவைப் படிக்காமல் எந்தத் தோட்டாவையும் உள்ளே போடக் கூடாது.

ஈயத் தடை நீர்ப்பறவையோடு நின்றுவிட்டது பெருங்குறை. புறா வேட்டை நடக்கும் வயல்களில் இன்றும் ஈயம் விழுகிறது. தானியம் பொறுக்கும் புறா அதையும் சேர்த்து விழுங்குகிறது. கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டையிலும் ஈயத் தோட்டாவை விலக்கிவிட்டது. மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வர வேண்டும் என்று சங்கம் கோருகிறது.

வேட்டைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவம் தொடங்கும் முன் பெரிய காகிதம் ஒன்றைக் கட்டி, 40 கெஜத்திலிருந்து உங்கள் துப்பாக்கியால், நீங்கள் வாங்கிய தோட்டாவைச் சுடுங்கள். அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து ஓட்டைகளை எண்ணுங்கள். வட்டத்துக்குள் வெற்றிடங்கள் தெரிந்தால் சோக்கையோ (குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) தோட்டாவையோ மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.