சனிக்கிழமைச் சம்பளம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக் குளிர்காலத்தில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியென்றால், வெயில் இருந்தாலும் அது சாய்ந்து, சமையலறைச் சுவரில் மங்கிய மஞ்சள் கோடாக நிற்கும். அந்த வேளையில் வேறெந்தக் காரியத்தையும் ஒப்புக்கொள்ளாமல் கைப்பேசியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஐந்தாறு வருஷமாக எனக்கு ஏறக்குறைய ஓர் அனுஷ்டானமாகவே இருந்துவந்தது. அப்போது திருப்பூரில் இரவு ஏழரை மணி. பதினைந்து வேலம்பாளையத்தில் என் தகப்பனார் எட்டு மிஷின்களோடு தொடங்கி, இன்று இருபத்திரண்டு மிஷின்களோடு நடக்கிற எங்கள் கம்பெனியில், ஓவர்லாக் டெய்லர்களும் பேட்லாக் டெய்லர்களும் மிஷினை அணைத்து உறை போர்த்திவிட்டு, செக்கிங் பெண்கள் தலையில் படிந்த பஞ்சையும் சேலையில் ஒட்டிய நூல் பிசிறையும் தட்டி முகம் கழுவிக்கொண்டு, கட்டிங் மாஸ்டரின் மேசைக்கு முன்னால் சம்பளக் கவருக்காகக் கூடி நிற்கும் நேரம் அது.

மாதச் சம்பளத்தில் ஜீவிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமையின் கனம் எளிதில் புரியாது. மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்பவேண்டிய தொகை, ஞாயிற்றுக்கிழமைக் கறிச் செலவு எல்லாம் அந்த ஒரு கவரை நம்பியே இருப்பதால், எங்கள் ஊரில் ஒரு முதலாளியின் நாணயத்தை அளக்க வேறு தராசு கிடையாது; சனிக்கிழமை சம்பளம் போட்டானா என்பதே கேள்வி. தைத்துக் கொடுத்த பீசுக்கு ஏற்றுமதிக்காரரிடமிருந்து வரவேண்டிய ஜாப் ஒர்க் பணம் அறுபது நாளிலும் வரும், தொண்ணூறு நாளிலும் வரும்; கொடுக்கவேண்டியதோ ஏழாம் நாள் கொடுத்தாக வேண்டும். சிறு தொழில்களுக்குரிய பாக்கியை 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், தீர்க்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்டலாம் என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, நல்ல விதிதான். ஆனாலும் அடுத்த ஆர்டரை அவரிடமே எதிர்பார்த்து நிற்கிறவன் அந்த விதியை நினைவூட்ட வாய் திறப்பதில்லை.

என் மனைவிக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, 2019இல் மகனையும் அழைத்துக்கொண்டு நாங்கள் புறப்பட்டபோது, கம்பெனியை விற்றுவிடும்படி சொன்னவர்களே அதிகம். தகப்பனார் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில் அது என்னால் முடியவில்லை. லண்டனிலுள்ள தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை ஊருக்கு அனுப்பி, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தி முடித்ததும், வங்கிக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கிறவர்களுக்குரிய கணக்காக மாற்றியதும், காகித வேலை அனைத்தும் தீர்ந்துவிட்டதென்றே எண்ணினேன். ஆனால் மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய ஆறு இலக்க ஓடிபி ஒன்று என் இந்தியச் சிம்முக்கு வந்தாக வேண்டியிருந்தது. அந்தச் சிம் போட்ட பழைய போனை நான் எங்கே போனாலும் சட்டைப் பையில் சுமந்து திரிந்தேன்.

காகிதம் சரியாக இருந்தபோதிலும் மனம் சரியாக இல்லை. தூரத்திலிருக்கிறவனுக்குச் சந்தேகம் என்பது வியாதியைப்போல் வளர்கிறது. போன் எடுக்கத் தாமதமானால் ஏதோ மறைக்கிறார்கள் என்று தோன்றும். உடனே எடுத்தாலோ வேலையே நடக்கவில்லை போலும் என்று தோன்றும். ஆகவே வாசலில் ஒன்று, கட்டிங் மேசைக்கு மேல் ஒன்று, மிஷின் வரிசைக்கு எதிரில் இரண்டு என நான்கு காமிராக்களை மாட்டச் செய்து, அந்தக் காட்சி இங்கே என் கைப்பேசியில் தெரியும்படி ஏற்பாடு செய்தேன். அதன்பிறகு நான் லெஸ்டரில் வாழ்ந்தேன் என்று சொல்வது பொய். அதிகாலை நான்கு மணிக்கு விழித்துத் திருப்பூரைப் பார்த்துவிட்டு, பகலில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே திருப்பூரை நினைத்துக்கொண்டு, மாலையில் மகன் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் சொல்ல வரும்போதும் ஒரு கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தேன்.

ஒரு ஜூலை மாதத்துக் காலை. இங்கே ஐந்தரை, அங்கே பத்து. பேட்லாக் மிஷின் ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. அதில் உட்காருகிறவர் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துக்காரர், முப்பது வயதிருக்கும், தையல் சுத்தமானது. காமிராவின் ஓரத்தில், மாடிப்படியில் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு கையை வீசி வீசி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான் மாஸ்டரைக் கூப்பிட்டுச் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். என் தகப்பனார் காலத்திலிருந்தே எங்களிடம் துணி வெட்டுகிற அவர், என்னைச் சிறுவனாகத் தூக்கியவர், குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்:

“தம்பி, அவன் ஊர்ல இன்னைக்கு நடவுங்க. நாத்துப் பறிச்சாச்சாம், ஆள் வரலையாம். இங்கிருந்தே ஆள் பேசிட்டிருக்கான். ராத்திரி ஒன்றரை ஷிப்டு முடிஞ்சும் இருந்து பீசை முடிச்சுக் குடுத்துருவான். நீங்க அங்கிருந்து கம்பெனி நடத்தறீங்க, அவன் இங்கிருந்து காடு நடத்தறானுங்க.”

அதைக் கேட்டபின் வெகுநேரம் நான் திரையைப் பார்க்கவில்லை. பிற்பாடு ஒவ்வொருவராக விசாரிக்க விசாரிக்க, எங்கள் கம்பெனியில் இரண்டு ஊரில் வாழாதவர்கள் யாரென்று தேட வேண்டியிருந்தது. தேனிப் பக்கத்து ஓவர்லாக் டெய்லர் தம் தாயாரிடம் விட்டுவந்த பதினோரு ஆடுகளின் ஈற்றுக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தார். புதுக்கோட்டையிலிருந்து வந்த செக்கிங் அம்மா சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைக் கவரிலிருந்து இந்த வாரம் செங்கல்லுக்கு, அடுத்த வாரம் கொத்தனாருக்கு என்று அனுப்பி, சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதை வாரந்தோறும் போட்டோவில் பார்த்துவந்தார். பிகாரிலிருந்து வந்த கைமடிக்கும் பையன் அண்ணனோடு கூட்டாக ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தான். 1920களில் பனியன் மிஷின் வந்து, 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வெள்ளை டீ-ஷர்ட் தேடி வியாபாரிகள் வந்து, அதன்பின் உலகமே வந்து வாங்கிப் போகிற ஊராகத் திருப்பூர் ஆனதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். தம் வயலையும் ஆட்டையும் தொலைவிலிருந்து நிர்வகித்துக்கொண்டே அந்தத் துணியைத் தைத்தவர்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறோம். அந்நியதேசத்தில் குடியேறி ஊரில் தொழில் நடத்துவது எனக்கு மட்டும் நேர்ந்த விசேஷக் கஷ்டம் என்று நான் நினைத்திருந்தது எத்தனை அறியாமை!

தூரத்திலிருந்து தொழில் நடத்தும் வித்தையில் நம் நாட்டிலேயே கைதேர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நகரத்தார் என்கிற செட்டியார்கள் பலர் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருந்துகொண்டே ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டித் தொழிலுக்குக் கிட்டங்கி நடத்தினார்கள். அங்கே மூன்று வருஷக் கெடுவுக்குப் போகிற ஏஜெண்டுக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பார்கள். கப்பல் தபாலில் வருகிற ஐந்தொகைக் கணக்குதான் முதலாளிக்குக் கண். அந்த வட்டித் தொழிலின் நியாய அநியாயம் வேறு விஷயம். 1930களின் விலைவீழ்ச்சியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்களின் கைக்கு வந்து, பர்மியக் குடியானவன் நிலமற்றுப் போனதை நான் மறக்கவில்லை. ஆனால் நிர்வாகம் என்ற அளவில் அவர்கள் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு: கடல் கடந்த இடத்தில் தீர்மானம் செய்யும் அதிகாரத்தை அங்கே இருக்கிறவனிடம் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், லாபத்திலும் அவனுக்கு ஒரு பங்கு வைக்க வேண்டும், கெடு முடிந்ததும் கணக்குக் கேட்க வேண்டும். கெடுவுக்கு நடுவில் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லாதிருந்தது ஒரு வகையில் அவர்களுடைய பாக்கியமே.

எங்கள் ஊரும் இதை அறியாததல்ல. திருப்பூரைப் பற்றி 2004இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதிய சரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர், பனியன் கம்பெனி முதலாளிகளில் பெரும்பகுதியினர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து கூலிக்கு வேலை செய்தவர்கள் என்றும், தங்கள் உயர்வுக்குக் காரணமாக அவர்கள் சொன்ன ஒரே சொல் உழைப்பு என்றும் விவரித்திருக்கிறார். பங்காளிகளாகச் சேர்ந்து இரண்டு மிஷின் போட்டு எழுந்தவர்களே எங்கும். என் தகப்பனாரும் அப்படித்தான். தாம் டெய்லராக இருந்த கம்பெனியின் முதலாளி இடமும் முதல் ஆர்டரும் கொடுத்து ஏற்றிவிட்டதாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி ஏறிவந்த குடும்பத்தில் பிறந்த நான், முப்பது வருஷம் எங்களுக்காகத் துணி வெட்டிய ஒருவரின் தலைக்கு மேல் காமிராவை மாட்டியிருந்தேன்.

2023 டிசம்பரில் ஊருக்குப் போனபோது பங்குப் பத்திரம் எழுதினோம். நாலில் ஒரு பங்கு மாஸ்டருக்கு. செக்கில் கையெழுத்து, ஆள் சேர்ப்பது, ரேட் பேசுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. அவர் வெகுநேரம் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: “வாசல்ல இருக்கறது இருக்கட்டுங்க தம்பி. உள்ள இருக்கற மூணும் வேண்டாங்க. பொம்பளப் புள்ளைங்க ஆசுவாசமா ஒக்கார மாட்டேங்குதுங்க.”

அன்று மாலையே ஏணி போட்டு அவற்றைக் கழற்றினேன். கழற்றும்போது கட்டிங் மேசையில் லே விரித்திருந்தார்கள். முப்பது மடிப்புத் துணி, மேலே மார்க்கர் காகிதம். மாஸ்டர் ஓரத்தை உள்ளங்கையால் நீவி, எங்கோ ஒரு மடிப்பு விரலுக்கு இடறியதும் மேல் மடிப்புகளைத் தூக்கி, நடுவில் சுருங்கிக் கிடந்த துணியை இழுத்துவிட்டு, மறுபடி நீவினார். இத்தனை வருஷம் மேலிருந்து பார்த்த காமிராவில் அந்தச் சுருக்கம் ஒருநாளும் தெரிந்திருக்க முடியாது.

பரீட்சை வராமல் இல்லை. 2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. நாங்கள் தைத்துக் கொடுக்கிற ஏற்றுமதிக்காரர் அமெரிக்க ஆர்டரை நிறுத்திவைத்தார். வெட்டிய துணி மூட்டையாகக் கிடந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரிட்டனோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. அது அமலுக்கு வந்து பலன் தர நாளாகும் என்பதே அப்போதைய நிலை, சனிக்கிழமை அதுவரை காத்திருக்காது. அந்த வாரத்தில் மாஸ்டர் எனக்குச் சொல்லாமலே உள்நாட்டு வியாபாரி ஒருவரிடம் குழந்தைகள் ஜட்டி, பனியன் வேலையைக் குறைந்த ரேட்டுக்கு எடுத்து மிஷின்களை ஓட வைத்துவிட்டார். எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ஒரு கணம் மனம் சுருக்கென்றது உண்மை; என்னிடம் கேட்டிருந்தால் அந்த ரேட்டுக்கு நான் சம்மதித்திருக்க மாட்டேன், நாலு பேரையாவது ஊருக்கு அனுப்பியிருப்பேன் என்பதும் உண்மை.

மிஷின் நிற்பது என்றால் என்னவென்று நான் வசிக்கிற இந்த லெஸ்டருக்கும் தெரியும்; இதுவும் ஒரு பனியன் ஊராக இருந்ததுதான். ஐரோப்பாவின் பெரிய பின்னலாடை ஆலைகளுள் ஒன்றாயிருந்த கோரா கம்பெனியின் ஆலை இங்கே நகர நடுவுக்கு அருகில்தான் இருந்தது. 1972இல் உகாண்டாவிலிருந்து 90 நாள் கெடுவில் துரத்தப்பட்டு, கடையையும் ஆலையையும் அப்படியே விட்டுவிட்டு வந்த குஜராத்தியர் பலர் இந்த ஊர் ஆலைகளில் கூலிகளாகச் சேர்ந்தார்கள்; தொலைவிலிருந்து தொழில் நடத்தும் கவலைகூட அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை மகனை அழைத்துக்கொண்டு நாட்டிங்ஹாமுக்குத் தெற்கே ரட்டிங்டன் கிராமத்திலுள்ள பின்னல் தறி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1589இல் வில்லியம் லீ இதே மாவட்டத்தில் அமைத்த காலுறைத் தறியின் வம்சத்தைச் சேர்ந்த தறிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. விளக்குச் செலவை மிச்சப்படுத்த வெளிச்சம் வரும்படி நீண்ட ஜன்னல்கள். தறி முதலாளிக்குச் சொந்தம், அதற்கு வாடகை பின்னுகிறவன் கொடுக்க வேண்டும். அந்த வாடகையை 1874இல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள். வாரம் முழுதும் பின்னியதைச் சனிக்கிழமை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கும் வழக்கம் இந்தக் கிராமங்களில் இருந்தது. அந்த ஜன்னலோரத்தில் நின்றபோது எனக்கு வேலம்பாளையத்தின் நூல் வாடை வந்தது.

கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். ஆகையால் சம்பள நேரம் மூன்று மணிக்கு வரும். மூன்றேகாலுக்குத்தான் அந்த நினைவே எனக்கு வந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். மாஸ்டர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்: கூட்டிப் பெருக்கின தரை, உறை போர்த்திய இருபத்திரண்டு மிஷின்கள், மேசைமேல் காலியான கவர்ப் பெட்டி. மகன் தறியருகே குனிந்து அதன் கொக்கி ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுப்போயிற்று என்று முதலிலிருந்து தொடங்கினான். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்தேன்.