மோனோஷாக் யாருக்குச் சொந்தம்?

எந்தக் காலேஜ் பைக் ஸ்டாண்டிலும் போய்க் கேளுங்கள், மோனோஷாக் என்றால் என்னவென்று உடனே பதில் வரும். 2008-ல் யமஹாவின் ஆர்15, எஃப்இசட் இரண்டும் பின்னால் ஒற்றை ஷாக் அப்சார்பரோடு வந்ததிலிருந்து அது இங்கே ஒரு கெத்து சமாச்சாரம். சரி, கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் 'யமஹாதான்' என்பார்கள். இல்லை. அங்கேதான் மேட்டரே இருக்கிறது.

கதை ஆரம்பிப்பது மோட்டோகிராஸ் பந்தயத்தில். மண் மேட்டில் ஏறித் தாவி, பள்ளத்தில் விழுந்து, மறுபடி தாவும் பந்தயம் அது. 1970களின் தொடக்கத்தில் அந்த பைக்குகளின் பின்சக்கரம் மேலும் கீழும் அசையக் கிடைத்த இடம் சுமார் 10 செ.மீ.தான் (இப்போது 30 செ.மீ.). ஸ்ப்ளெண்டரில் இருப்பது போல இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாக். தாவித் தாவி விழுந்ததில் ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும். அப்புறம் அது வெறும் ஸ்பிரிங். பந்தயம் பாதி முடிவதற்குள் வண்டி குதிரை மாதிரி உதைக்க ஆரம்பித்துவிடும். சக்கரம் தரையைத் தொடாமல் இருந்தால் எஞ்சினில் எத்தனை குதிரைசக்தி இருந்து என்ன?

லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் இதற்கு வேறு ஒரு வழி யோசித்தார். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மை முக்கோணமாகக் கட்டி, அதன் உச்சியிலிருந்து பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் ஒரே ஒரு நீளமான ஷாக்கை ஓடவிட்டார். சக்கரம் அசையக் கூடுதல் இடம், எண்ணெய்க்கும் கூடுதல் இடம். இதை முதலில் பார்த்த சுசுகி வேண்டாம் என்றது. யமஹா வாங்கியது. 1973-ல் ஹோகன் ஆண்டர்சன் அந்த யமஹாவில் 250 சிசி உலக சாம்பியன் ஆனார். மோட்டோகிராஸில் யமஹாவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். டில்கன்ஸ் பெயர் மறந்துபோனது, மோனோஷாக் யமஹாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, முறைப்படி விற்றார், முறைப்படி வாங்கினார்கள்.

அடுத்த கதை அப்படி இல்லை.

ஒற்றை ஷாக் வந்ததும் எல்லோருக்கும் அடுத்த ஆசை. சின்ன மேட்டுக்கு மெத்தை மாதிரி இளக வேண்டும், பெரிய தாவலுக்கு விறைக்க வேண்டும். சாதாரண ஸ்பிரிங்கால் இரண்டும் முடியாது. ஸ்விங்ஆர்முக்கும் ஷாக்குக்கும் நடுவில் சில நெம்புகோல்களைக் கோத்தால் முடியும். சக்கரம் மேலே ஏற ஏற, நெம்புகோலின் கோணம் மாறி ஷாக்கை அதிகமாக அழுத்தும். லிங்கேஜ் என்பது இதுதான். 1980-ல் கவாசாகியின் யூனி-டிராக் கடைக்கு வந்தது. 1981-ல் ஹோண்டாவின் ப்ரோ-லிங்க், சுசுகியின் ஃபுல் ஃப்ளோட்டர். சுசுகியின் வண்டியில் ஷாக்கின் ஒரு முனைகூட ஃப்ரேமில் மாட்டப்படவில்லை. மேல் முனை நெம்புகோலில், கீழ் முனை ஸ்விங்ஆர்மில். இரண்டும் அசையும் பாகங்கள், அதனால் அந்தப் பெயர். ஓட்டியவர்கள் கொண்டாடினார்கள்.

டொனால்ட் ரிச்சர்ட்சன் மட்டும் கொண்டாடவில்லை. அமெரிக்கரான அவர் 1975-லேயே மோட்டார்சைக்கிள் பின் சஸ்பென்ஷனுக்கு ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். 1978-ல் சுசுகியோடு ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் போட்டார். அதாவது, 'முதலில் சோதித்துப் பார்க்கிறோம், பிடித்தால் லைசென்ஸ் எடுக்கிறோம்'. அதை நம்பி, காப்புரிமையில் இல்லாத தன் புதிய மேம்பாடுகளையும் ரகசியமாகக் காட்டினார். சோதித்தார்கள். லைசென்ஸ் எடுக்கவில்லை. பிறகு ஃபுல் ஃப்ளோட்டர் வந்தது. வழக்கு போட்டார். காப்புரிமை மீறல், தொழில் ரகசியத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்று இரண்டிலும் ஜூரி அவர் பக்கம் நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1989-ல் தந்த தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னது: அவர் காட்டிய ஷாக் பொருத்தும் முறைக்கு சுசுகி தன் பெயரில் வாங்கிய காப்புரிமைகளும் ரிச்சர்ட்சனுக்கே போக வேண்டும்.

சுபம் போட்டுவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் கொடுத்த நாளிலிருந்து 17 வருஷம். 1975-ல் கொடுத்தது 1992-ல் முடியும். 1989-ல் ஜெயித்தவருக்கு அதில் மிச்சம் மூன்று வருஷம். அதற்குள் மற்ற கம்பெனிகளிடமும் அவரவர் பெயரில் லிங்கேஜ் இருந்தது. பி.காம். பாடத்தில் காப்புரிமையை ஒரு சொத்து என்று படிக்கிறோம். தேய்மானம் ஆகும் சொத்து என்பதையும், வழக்கு நடக்கும்போதும் அந்தத் தேய்மானம் நிற்பதில்லை என்பதையும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை :)

கம்பெனி பக்கமும் ஒரு வாதம் உண்டு. யோசனை யாருக்கும் வரும், அதை ஆயிரக்கணக்கான வண்டிகளில் உடையாமல் ஓடவைக்கச் செலவழித்தது யார்? வார்ப்பு, பேரிங், சோதனை ஓட்டம், ரேஸ் டீம் எல்லாம் அவர்கள் பணம். நியாயம்தான். அந்தப் பங்கு அவர்களுக்குக் கிடைக்கட்டும். ஆனால் யோசனைக்கு மதிப்பே இல்லையென்றால் ரகசியத்தைக் காட்டச் சொல்லி ஒப்பந்தம் எதற்கு? டில்கன்ஸை வேண்டாம் என்று சொல்லி ஒரு உலகப் பட்டத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கம்பெனிக்கு, வெளியாள் கொண்டுவரும் ஒரு யோசனையின் விலை மற்ற எவரையும் விட நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்.

பரிசோதனை வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஃபாக்டரி டீம்களையும் கோடிக்கணக்கான பட்ஜெட்டையும் பற்றியே பேசுகிறார்கள். இந்த இரண்டு கதையிலும் விதை போட்டது கம்பெனிக்கு வெளியே இருந்த ஒரு தனி ஆள். அப்படிப்பட்டவருக்கு ஷெட்டில் வெல்டிங் மெஷின் எவ்வளவு அவசியமோ, வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வக்கீலும் அவ்வளவு அவசியம். 'சோதனை முடிந்து வேண்டாம் என்றால் இத்தனை வருஷத்துக்கு இதே மாதிரி எதுவும் செய்ய மாட்டோம், செய்தால் வண்டிக்கு இவ்வளவு' என்று ஒரு வரியை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதினால் கம்பெனி ஓடிவிடுமே என்றால், அங்கேயே ஓடட்டும்.

வேறு வழியில் போனவரும் உண்டு. ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா போன ஹோர்ஸ்ட் லைட்னர், செயின் இழுப்பு பின் சஸ்பென்ஷனைக் கெடுக்காமல் தடுக்க ஓர் அமைப்பு செய்து, யாரிடமும் கெஞ்சாமல் ஏடிகே என்று சொந்தமாக பைக் கம்பெனியே தொடங்கினார். பிறகு மவுண்டன் சைக்கிளுக்கு அவர் உருவாக்கிய பின் சஸ்பென்ஷன் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் விலை கொடுத்து வாங்கியது. அந்த அமைப்பை சைக்கிள்காரர்கள் ஹோர்ஸ்ட் லிங்க் என்று அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.