மீதி 356 கொக்குகளை யார் கேட்டது?

சடாகோ சசாகி 644 காகிதக் கொக்குகள்தான் மடித்தாள். அதற்குள் செத்துப்போனாள். மீதி 356-ஐ வகுப்புத் தோழர்கள் மடித்து முடிக்க, ஆயிரமும் அவளோடு புதைக்கப்பட்டன. எலினார் கோர் 1977-ல் எழுதிய சிறார் நாவல் இப்படித்தான் முடிகிறது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் தலைமுறை தாண்டிப் படிக்கப்படும் புத்தகம். நம்ம ஊர்ப் பள்ளிகளில் ஆகஸ்ட் 6 அன்று கலர் பேப்பர் வெளியே வருவதும் இந்தக் கதையால்தான்.

அந்த 644 கற்பனை. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சடாகோவின் அண்ணன் மசாஹிரோவும் சொல்வது வேறு. 1955 ஆகஸ்டில் நகோயாவிலிருந்து மருத்துவமனை நோயாளிகளுக்குக் காகிதக் கொக்குகள் வந்தன. அதைப் பார்த்து சடாகோவும் மடிக்க ஆரம்பித்தாள். பேப்பர் கிடைக்காதபோது மருந்து சுற்றிவந்த தாளில்கூட மடித்தாள். ஒரு மாதத்துக்குள்ளேயே ஆயிரத்தைத் தாண்டினாள். அப்புறமும் நிறுத்தவில்லை. அக்டோபர் 25 அன்று, 12 வயதில், இரத்தப் புற்றுநோயில் இறந்தாள்.

நாவலாசிரியர் எண்ணை மாற்றியதில் எனக்குச் சண்டை இல்லை. வரலாற்றுப் புனைகதைக்கு அந்த உரிமை உண்டு. என் சண்டை, அந்தப் புனைவின் மேல் மேஜை போட்டு நடத்தும் வகுப்போடு.

வகுப்பறைகளில் ‘லேர்னிங் சென்டர்’ என்று ஒரு முறை இருக்கிறது. அறையை நாலைந்து மூலைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேஜை, ஒரு செயல் அட்டை. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து பதினைந்து இருபது நிமிஷம் வேலை செய்துவிட்டு அடுத்த மூலைக்கு நகர்வார்கள். நல்ல முறைதான். கரும்பலகையைப் பார்த்து எழுதி மனப்பாடம் பண்ணுவதைவிட எவ்வளவோ மேல். சடாகோ கதைக்கு இந்த மேஜைகளில் வழக்கமாக என்ன இருக்கும்? ஒன்றில் அருஞ்சொற்கள். ஒன்றில் ஜப்பான் வரைபடம். ஒன்றில் ஹைக்கூ. ஒன்றில் சடாகோவுக்குக் கடிதம். நடுவில், எல்லாரும் முந்தியடித்துப் போகிற கொக்கு மேஜை.

அந்தக் கொக்கு மேஜை பிள்ளைகளுக்கு என்ன வேலை தருகிறது என்று பாருங்கள். கதையில் சடாகோ முடிக்காமல் விட்டதை வகுப்பு முடித்துக் கொடுக்கிறது. ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டதும் எல்லோருக்கும் நிம்மதி. ஏதோ ஒரு கடன் அடைந்த மாதிரி. உண்மையில் அப்படி ஒரு பாக்கியே கிடையாது. ஆயிரம் மடித்தால் ஆசை நிறைவேறும் என்றார்கள், அவள் ஆயிரத்துக்கு மேலேயே மடித்தாள், ஆனாலும் செத்தாள். இதைச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளை உடனே கேட்கும்: “அப்ப ஏன் மிஸ் செத்தா?” அதற்குக் கொக்கைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. குண்டைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். யார் போட்டது, ஏன் போட்டது, ரெண்டு வயசில் உயிர் தப்பிய குழந்தைக்குப் பத்து வருஷம் கழித்து ஏன் நோய் வந்தது? 644 என்ற எண் வகுப்பை இந்தக் கேள்விகளிலிருந்து காப்பாற்றுகிறது.

“சின்னப் பிள்ளைகள், இதெல்லாம் தாங்குமா?” என்பார்கள். சடாகோவுக்கு நோயின் பெயரைப் பெரியவர்கள் சொல்லவில்லை. அவளோ தன் இரத்தப் பரிசோதனை எண்களைத் தெரியாமல் பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மூடி மறைத்தாலும் பிள்ளைகள் தேடித் தெரிந்துகொள்வார்கள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தாங்க முடியாதவர்கள் பெரியவர்கள்தான். 1995-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், குண்டு போட்ட எனோலா கே விமானத்தோடு ஹிரோஷிமாவில் நடந்ததையும் சேர்த்துக் காட்டத் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர் அமைப்புகளும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். கண்காட்சி கைவிடப்பட்டு, சுருக்கமான ஒன்று வைக்கப்பட்டது. இயக்குநர் பதவி விலகினார். பெரியவர்களால் பேச முடியாததை, பிள்ளைகள் கையில் பேப்பராகக் கொடுத்துவிட்டு ‘அமைதி’ என்று பெயர் வைக்கிறோம்.

நாம் மட்டும் யோக்கியமா? 1974-ல் பொக்ரானில் நடத்திய அணுகுண்டுச் சோதனைக்குச் ‘சிரிக்கும் புத்தர்’ என்று பெயர். 1998 மே மாதம் அங்கேயே மறுபடியும் சோதனை நடந்தபோது தெருவில் இனிப்பு கொடுத்தார்கள். ஆகஸ்டில் கொக்கு மடிக்கிற வகுப்பில் இந்த மே மாதத்துக்கு ஒரு மேஜை உண்டா?

மேஜைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மூன்றை மாற்றுங்கள் என்கிறேன். முதல் மேஜையில் நாவலின் கடைசிப் பக்கத்தையும் அருங்காட்சியகம் சொல்லும் தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேள்வி: கதையாசிரியருக்கு 644 ஏன் தேவைப்பட்டது? புனைவு எங்கே வரலாற்றோடு தைக்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டட்டும். இரண்டாவது மேஜையில், சடாகோ தன் இரத்த எண்களைக் குறித்து வைத்த கதை. ஒரு சிறுமி ஏன் அதை ரகசியமாக எழுதினாள்? மூன்றாவதில், தோழர்கள் உண்மையில் செய்தது. அவள் இறந்த பிறகு நினைவுச்சின்னம் கேட்டு அவர்கள் இயக்கம் தொடங்கினார்கள். ஜப்பானில் 3,100-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் பிள்ளைகள் காசு கொடுத்தார்கள். 1958 மே 5 அன்று ஹிரோஷிமா பூங்காவில் சின்னம் திறக்கப்பட்டது. பிள்ளைகள் ஒன்று சேர்ந்து ஊரையே கேட்க வைத்த கதை இது. எந்தக் கொக்கு மேஜையை விடவும் இது பெரிய செயல்பாடு. அதைத்தான் யாரும் பாடமாக வைப்பதில்லை.

இதையெல்லாம் பேசி முடித்த பிறகு கொக்கு மடியுங்கள், தாராளமாக. எத்தனை மடிப்பது, யாருக்கு அனுப்புவது, கூடவே என்ன எழுதுவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும்.