புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!

தாத்தா பாட்டி வைத்துவிட்டுப் போன தகர டப்பாவில் கறுத்துப்போன பெரிய செம்புக் காசு கிடந்தால், தயவு செய்து புளியோ பிராசோவோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆக்கிக் கொண்டுபோய் நீட்டினால், பழங்காசு சேகரிப்பவர் பார்த்த மாத்திரத்தில் உதட்டைப் பிதுக்குவார். புளியின் அமிலம் செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும். பிராசோ கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும். போன தோல் திரும்பி வராது.

துரை பங்களாவில் வேலை பார்த்தவர்கள் வீடுகளில் இங்கிலாந்துப் பென்னி அகப்படுவது உண்டு. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் சூலாயுதத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா அம்மாள். 1971 ஆகஸ்ட்டோடு அது அங்கே செல்லாக் காசாகிவிட்டது. அதனால்தான் நம் வீடுகளில் பிள்ளைகள் விளையாடக் கொடுத்துவிடுகிறோம். இல்லாவிட்டால், தோட்டத்தைவிட்டு வெளியேறும் சமயம் பார்த்து லயத்துக்கு வரும் வியாபாரியிடம் பழைய பித்தளையோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடுகிறோம். போடுவதற்கு முன் ஒரு நிமிடம் ஆண்டைப் பாருங்கள்.

1918, 1919 என்று இருந்தால் லென்சு வேண்டும். ஆண்டு எண்ணுக்கு இடப்பக்கம் பொடியாக ஆங்கில எழுத்து ஏதும் உண்டா? ஒன்றுமில்லை என்றால் அது லண்டன் அரசாங்க நாணயச் சாலையில் அடித்தது. ‘எச்’ என்று இருந்தால் பர்மிங்ஹாமில் ஹீட்டன் கம்பெனி அடித்தது. ‘கேஎன்’ என்று இருந்தால் அதே ஊர்ப் பக்கத்துக் கிங்ஸ் நார்ட்டன் கம்பெனி அடித்தது. வேலை மிஞ்சிப்போனதால் அரசாங்கம் வெளியில் கொடுத்து அடிக்கச் சொன்ன காசுகள் இவை. 1918-இல் லண்டன் அடித்தது 8 கோடியே 42 லட்சம். இரண்டு கம்பெனியும் சேர்ந்து அடித்தது 37 லட்சம்கூட இல்லை. 1919-இல் லண்டனில் 11 கோடிக்கு மேல், கம்பெனிகள் 52 லட்சம். இரண்டிலும் ‘கேஎன்’தான் அகப்படுவது கஷ்டம்.

எழுத்து இருந்துவிட்டால் மட்டும் லாட்டரி அடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ராஜாவின் காதுக்கு மேல் தலைமுடி இழை இழையாகத் தெரிகிறதா, பிரிட்டானியாவின் தலைக்கவசமும் மார்புச் சேலை மடிப்பும் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். (சேலை என்பது நான் வைத்த பெயர்!) பல கை மாறி வழுவழுவென்று தேய்ந்த 1919 ‘கேஎன்’ சில பவுனுக்குத்தான் போகும். அச்சிலிருந்து வந்த செம்மினுக்கு மாறாமல் இருந்தால் அதே காசு நூற்றுக்கணக்கான பவுன் பெறும். எழுத்தே இல்லாத 1919 பென்னி தேய்ந்திருந்தால், பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும்.

1933 பென்னி என்று யாராவது காட்டினால் மட்டும் சற்று ஜாக்கிரதை. அந்த ஆண்டு புழக்கத்துக்கென்று பென்னி அடிக்கவே இல்லை. கட்டடங்களின் அஸ்திவாரத்தில் வைப்பதற்கும் காட்சிக்கும் என்று ஏழெட்டுதான் அடித்தார்கள். லீட்ஸ் நகரத்தில் ஒரு தேவாலயத்தின் அஸ்திவாரத்தில் வைத்த காசை 1970-இல் திருடிக்கொண்டே போய்விட்டார்கள். வேறு ஆண்டுக் காசில் எண்ணைச் செதுக்கி 1933 ஆக்கும் கைகாரர்களும் உண்டு.

நம் நாட்டுக் காசிலும் இதே கதைதான். மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ என்று பொறித்த 1957-ஆம் ஆண்டுப் பத்துக் காசில் ‘எச்’சும் உண்டு, ‘கேஎன்’னும் உண்டு. அதே பர்மிங்ஹாம் கம்பெனிகள்தான், நாம் சுதந்திரம் வாங்கிய வருஷத்தில். உங்கள் டப்பாவில் பென்னி இல்லாவிட்டாலும் இது இருக்கக்கூடும்.

எடுத்துப் பார்க்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்கள். விரல் வியர்வை பட்டால் செம்பில் கறை விழும். மெதுவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பச்சை பூக்கும். காய்ந்த காகித உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, மழை ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். விற்பதானால் இரண்டு மூன்று கடையில் விசாரித்த பிறகு கொடுங்கள்.