முப்பத்துமூன்று ஆசனம்

நம் நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் பஸ்ஸில் சாரதி ஆசனத்தோடு 33 ஆசனம் வரை இருந்தால் டீ1 வகுப்பு, அதைத் தாண்டினால் டீ. ஆசனத்தை எண்ணும் சட்டம் நிற்பவர்களை எண்ணுவதில்லை.

என் அப்பா இருபது வருடம் ஹட்டன் பக்கம் பஸ் ஓட்டினார். இறக்கத்தில் பிரேக்கை நம்பமாட்டார். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றுவார்; வண்டி முனகிக்கொண்டே இறங்கும். சரியான அனுமதிப்பத்திரம் இருந்தும், பக்கத்தில் இருந்த மூத்த சாரதிதான் அதைக் கற்றுக்கொடுத்தாராம்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் மாணவர்களை ஏற்றிவந்த பஸ் மோதி ஏழு பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஆறு பேர் அது மோதிய வேனில் வந்தவர்கள். 2025 மே 11 விடியற்காலை கொத்மலை கெரண்டிஎல்லயில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் எழுபதுக்கும் அதிகமானோர் இருந்தார்கள்.

டீ வகுப்புக்கு மலைப்பாதைப் பரீட்சை தனியாக வேண்டும். ஆள் நிறைந்த பாரத்தோடு ரதல்ல போன்ற இறக்கத்தில் கியரிலேயே இறக்கிக் காட்டாதவருக்கு இந்தப் பக்கம் பஸ் கொடுக்கக்கூடாது. காலை ஆறரைக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஏறுவது அந்த பஸ்ஸில்தான்.