இலையுதிர்காலச் சட்டையும் எங்கள் ஊர் மழையும்

ஜேர்மனியில் இருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் சென்ற வருடம் எங்கள் வீட்டில் மூன்று பழைய தையல் சஞ்சிகைகளை விட்டுச் சென்றார். அட்டையில் 'புர்தா' என்று பெயர். நான் அதைச் சத்தமாக வாசித்ததும் உம்மும்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "புர்தாவா? ஓது மகள், கேப்பம்" என்றார். கஸீதத்துல் புர்தா என்று நினைத்துவிட்டார். அரபியில் அந்தச் சொல்லுக்குப் போர்வை என்று பொருள். ஜேர்மனியிலோ அது ஒரு குடும்பப் பெயர். "இதுவும் உடுப்பு விசயம்தான் உம்மும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மூன்றில் இரண்டு கோடைகால இதழ்கள், ஒன்று இலையுதிர்கால இதழ். நமக்கு எது பயன்படும் என்று கேட்டால் எவரும் கோடை இதழைத்தான் காட்டுவார்கள். நமது நாடு வெப்ப நாடு, மாத்தளையில் இலையுதிர்காலம் என்று ஒன்று கிடையாது. நானும் முதலில் கோடை இதழ்களையே புரட்டினேன். தோளில் நாடா கட்டிய சட்டைகள், முதுகு திறந்த கவுன்கள், முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடைகள். எல்லாம் அழகு, ஆனால் ஒன்றும் நமக்கு உடுக்க ஏலாது. இலையுதிர்கால இதழைத் திறந்த பிறகுதான் நமக்குரிய உடுப்புகளைக் கண்டேன். முழுக்கை, மூடிய கழுத்து, கணுக்கால்வரை இறங்கும் பாவாடை, தளர்வான நீள அங்கி. அங்கே குளிருக்காக மூடுகிறார்கள், இங்கே நாம் வேறு காரணத்துக்காக மூடுகிறோம். வெட்டு ஒன்றுதான்.

ஆகவே என் கருத்து இதுதான். அந்த இதழின் வெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், துணியை விட்டுவிட வேண்டும். அதற்குத் தாளை வாசிக்கத் தெரிய வேண்டும். தாளை வாசிக்கத் தெரிந்த பெண், கடையில் தொங்குவதில் ஒன்றை எடுத்து 'பரவாயில்லை' என்று உடுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் துணியைப் பார்ப்போம். இதழில் கம்பளி, தடித்த கோர்டுரோய், உள்ளே லைனிங் என்று எழுதியிருக்கும். அங்கே செப்டெம்பர் தொடங்கி இலை உதிரும் மாதங்களில் இங்கே மழை பிடிக்கிறது. ஒக்டோபரில் மாலை இடியோடு தொடங்கி, வடகீழ்ப் பருவக்காற்றோடு ஜனவரிவரை இழுக்கும். அந்த மாதங்களில் கொடியில் போட்ட டெனிம் மூன்று நாளானாலும் காயாது என்பது எல்லா உம்மாமாருக்கும் தெரியும். லைனிங் வைத்த கம்பளி அங்கி பூஞ்சணம்தான் பிடிக்கும். விஸ்கோஸ், மெல்லிய லினன், நல்ல பருத்தி போன்றவையே நமக்குச் சரி. நமது மாவட்டத்துக்குள்ளேயே இதில் வேறுபாடு உண்டு. ரிவர்ஸ்டன் பக்கம் காற்று வீசும்போது பருத்திக்கு மேல் இன்னொன்று தேவைப்படும். தம்புள்ளை, கலேவெல பக்கத்துத் தோழியர் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஒரே தாளில் ரத்தோட்டைக்கு ஒரு துணியும் கலேவெலவுக்கு ஒரு துணியும் வெட்டலாம். கடைச் சட்டையில் அது நடக்காது.

இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்பதும் அறிய வேண்டியதே. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் அளவு வாரியாகக் காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். ஜேர்மனியின் ஒஃபன்பர்க் நகரில் ஆன்னே புர்தா என்ற பெண்மணி 1950இல் தன் சஞ்சிகையை ஆரம்பித்தார். முதல் இதழே ஒரு இலட்சம் பிரதிகள். 1952இலிருந்து வெட்டு மாதிரித் தாளும் இதழோடு சேர்ந்து வந்தது. யுத்தம் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகாத நாடு, கையில் காசில்லாத பெண்கள். அவர்களுக்கு ஆடம்பரமான உடுப்பை அவர் காட்டவில்லை, வீட்டு மெசினில் தைத்து வெளியே உடுத்திப்போகக்கூடியதைக் கொடுத்தார். 1987இல் அது ரஷ்ய மொழியிலும் வெளிவந்தது. கடையில் நல்ல உடுப்புக் கிடைப்பது அரிதாக இருந்த சோவியத் பெண்கள் அதை எப்படி வாங்கியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். 2022இல் வரிசையில் நின்ற நமக்கு அது விளங்காத கதையல்ல.

மெசின் நமக்குப் புதிதல்ல. சிங்கர் நிறுவனம் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கறுப்பு மெசின் உம்மும்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. இப்போது அதன்மேல் விரிப்புப் போட்டுத் தொலைக்காட்சியை வைத்திருக்கிறோம். உங்களில் பலர் வீட்டிலும் இதே நிலைமைதான் என்று நினைக்கிறேன்.

இனி நான் செய்த பிழைகளைச் சொல்கிறேன். தாளை விரித்தால் கொழும்புப் புகையிரதப் பாதை வரைபடம் போலக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பல சட்டைகளின் துண்டுகளை ஒரே தாளில் அச்சிட்டிருப்பார்கள். உங்கள் சட்டையின் நிறத்தையும் இலக்கத்தையும் பிடித்து, மேலே மெல்லிய காகிதம் வைத்து வரைந்தெடுக்க வேண்டும். நான் இரண்டு இரவு இருந்து வரைந்தேன், வெட்டினேன், தைத்தேன். சட்டை தலைக்குள்ளேயே போகவில்லை. அந்தத் தாள்களில் தையலுக்கு விடும் துணி சேர்க்கப்பட்டிருக்காது. ஓரத்தில் ஒன்றரை சென்ரிமீற்றர் நாமேதான் கூட்டி வெட்ட வேண்டும். குறிப்பில் அது எழுதியிருந்தது. நான்தான் படத்தைப் பார்த்தேன், குறிப்பை வாசிக்கவில்லை. அந்தச் சட்டையைத் தங்கச்சி உடுக்கிறாள்.

இரண்டாவது சட்டை உள்ளே போனது, ஆனால் இடுப்பு இடுப்பில் நிற்கவில்லை. அந்தச் சஞ்சிகையின் வழக்கமான அளவுகள் 168 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்காக வரையப்பட்டவை. நான் 152. கீழ் விளிம்பை மட்டும் வெட்டினால் அந்தப் பதினாறு சென்ரிமீற்றரும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. குறைவு உடம்பெங்கும் பரவியிருக்கிறது. கக்கத்துக்கும் இடுப்புக்கும் இடையில் கொஞ்சம், முழங்கைக்கு மேலே கொஞ்சம், பாவாடையில் மீதி என்று காகிதத்திலேயே மடித்துக் குறைக்க வேண்டும். துணியை வெட்டிய பிறகு அழுது பயனில்லை. அதனால் இப்போது பழைய படுக்கை விரிப்பில் முதலில் ஒன்று வெட்டி, நூலோடிப் பார்த்துவிட்டே புதுத் துணியில் கத்தரிக்கோல் வைக்கிறேன். இப்படிப் பரீட்சித்துப் பார்க்கும் சட்டைக்கு ஆங்கிலத்தில் 'மஸ்லின்' என்றே பெயர். ஈராக்கின் மோசுல் நகரின் பெயரிலிருந்து வந்த சொல் அது.

எதைத் தெரிவுசெய்வது என்பதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். மெலிந்து நெடுத்த பெண் ஒருத்தி மஞ்சள் இலைகளுக்கு நடுவே நிற்கும் புகைப்படம் சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பக்கத்தில் சிறிதாக ஒரு கோட்டுப்படம் இருக்கும். அதில் தையல் எங்கே ஓடுகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது, பின்னால் திறப்பு உண்டா என்பதெல்லாம் தெரியும். அதைப் பார்த்த பிறகு என்னிடம் சில கேள்விகள் உண்டு. இதை உடுத்து மாத்தளை பஸ் நிலையத்தில் பஸ்ஸின் உயரமான படியில் கால்வைக்க முடியுமா? ருகூஉவுக்குக் குனிந்தால் முதுகுப்பக்கம் மேலே ஏறுமா? வுழூச் செய்யக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டலாமா? இந்தக் கடைசிக் கேள்வியில் பல அழகான சட்டைகள் விழுந்துவிடுகின்றன. மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் கை நமக்கு உதவாது. வெட்டு விட்டுப் பொத்தான் வைத்த கஃப் என்றால் திறந்து மேலேற்றலாம். இலையுதிர்கால இதழில் அப்படிப்பட்ட கை நிறைய உண்டு.

இன்னொன்றும் கண்டேன். குளிர்கால மேலங்கியை உள்ளே ஸ்வெட்டர் போடுவதற்கு இடம்விட்டு வரைந்திருப்பார்கள். நாம் ஸ்வெட்டரை எடுத்துவிட்டால் அந்த இடம் காற்றுக்கு. லைனிங் இல்லாமல், கொலரை நீக்கி, ஓர் அளவு குறைத்து, மெல்லிய துணியில் அதே மேலங்கியை வெட்டினால் அருமையான அபாயா. பெருநாளைக்கு டுபாய் அபாயா என்று விலை கேட்டு மலைத்து நிற்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் தைப்பது எப்போதும் மலிவு என்று சொல்லமாட்டேன், அது பொய். துணி, நூல், சிப், பிழையாக வெட்டிய அரை மீற்றர் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் சட்டை கடைச் சட்டையைவிடக் கூடுதலாகவே வரும். மூன்றாவது, நான்காவதில்தான் கணக்குத் திரும்பும். அதோடு கக்கத்தில் பிரிந்த கடைச் சட்டையையும் நாமே தைத்துக்கொள்வோம்.

பெற்றோரிடம் சொல்ல விரும்புவது வேறு. என் வகுப்பில் ஒருத்திக்குச் சாதாரண தரப் பெறுபேறு சரியாக வரவில்லை. வீட்டில் சொன்ன முதல் வார்த்தை, "இனி தையல் கிளாசுக்குப் போ." அவள் அழுதாள். தையலில் அவளுக்கு வெறுப்பில்லை, அது தண்டனையாகத் தரப்பட்டதால் அழுதாள். ஒன்பது 'ஏ' எடுத்தவளுக்கு அதே வீட்டில் ஊசியில் நூல்கோக்கவும் நேரம் கொடுப்பதில்லை. இரண்டு பேருக்கும் அநியாயம் நடக்கிறது. கையின் மேல்வளைவு சட்டையின் கைத்துளையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும், அந்த மிகுதியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும். இது கேத்திரகணிதம் இல்லையா? தோற்றவர்களின் வேலை என்று இதை யார் தீர்மானித்தது?

இந்த நாட்டின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு ஆடைகளிலிருந்தே வருகிறது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்கும் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் இலையுதிர்காலத்துக்கு நமது பெண்கள் பல மாதங்களுக்கு முன்பே இங்கே வியர்த்துக்கொண்டு தைக்கிறார்கள். ஆனால் ஒருத்தி கை மட்டும் பொருத்துவாள், இன்னொருத்தி பை மட்டும். முழுச் சட்டையையும் தாளில் வரைபவர் வேறு எங்கோ இருக்கிறார். அந்த வேலையைப் படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. நமது பிள்ளைகள் ஏன் அங்கே விண்ணப்பிக்கக் கூடாது?

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நமது அலுவிகாரையில் ஈனா டி சில்வா (1922–2015) கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூவேலையும் செய்வித்தார். பென்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரைப் பத்திக் வேலைக்காகப் பெயர்பெற்றவர் அவர். அவரிடம் வேலை செய்த பெண்களைப் பரீட்சையில் தோற்றவர்கள் என்று யாரும் அழைத்ததில்லை. வெளிநாட்டவர் தேடி வந்தார்கள்.

மூன்று இதழ்களையும் கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். இலையுதிர்கால இதழில் இருக்கும் நீலக் கோட்டு மேலங்கியை முதலில் முயன்று பாருங்கள், அதற்குச் சிப் தேவையில்லை. தயவுசெய்து தாளை வெட்ட வேண்டாம், மேலே காகிதம் வைத்து வரைந்தெடுங்கள். ஒன்றரை சென்ரிமீற்றரையும் மறக்க வேண்டாம். விஸ்கோஸ் வாங்கினால் வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். இந்த மழையில் அது காய இரண்டு நாள் எடுக்கும்.