காரில் படியும் வெண்தடமும் நாம் கொட்டும் நீரும்



சென்னையிலும் கடற்கரையோர ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களில், வெள்ளிக்கிழமைக் காலையிலோ பெருநாளுக்கு முந்தைய மாலையிலோ வீட்டு வாசலில் கார் கழுவுவது வழக்கமாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நீரைப் பீய்ச்சுகிறோம். வண்டி உலர்ந்ததும் பார்த்தால், மேலெங்கும் வெள்ளை வட்டங்கள். சரியாகக் கழுவவில்லை போலும் என்றெண்ணி, மறுவாரம் இன்னும் கூடுதலாக நீர் ஊற்றுகிறோம். தடம் மறைவதில்லை. ஏனெனில் அது அழுக்கன்று. நாம் ஊற்றிய நீர் விட்டுச்சென்ற உப்பு. கார் பளிச்சிடத் தேவை மிகுதியான நீரன்று, உடனுக்குடன் துடைப்பதே என்பது நமது கருத்து.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. வெந்நீர் ஹீட்டரிலும் குளியலறைக் குழாயிலும் படியும் வெண்படலமும் இவற்றால் ஆனதே. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 1000 மில்லிகிராம் உப்புள்ள நீரில் ஒரு லிட்டர் வண்டியின் மேலேயே உலர்ந்தால், ஒரு கிராம் உப்பு அங்கே தங்கிவிடும். பத்து வாளி ஊற்றினாலும் கடைசியில் உலர்வது அதே உப்பு நீர்தான்.

வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைக் கார் கழுவச் சேர்த்துவைப்போர் நம்மிடையே உண்டு. எண்ணம் நன்று, ஆயினும் அந்நீரில் உப்பு மேலும் செறிந்திருக்கும். அதனைக் கழிவறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்வோம். மாறாக, ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உருவானது. உப்பு ஏறக்குறைய இல்லாதது. அதையோ, சேமித்த மழைநீரையோ துணியில் வடிகட்டி இறுதி அலசலுக்குப் பயன்படுத்தினால் தடம் பெரிதும் குறையும்.

முறை இதுதான். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன், நிழலில் கழுவ வேண்டும். பானெட்டைத் தொட்டால் சூடு இருக்கலாகாது. 15 லிட்டர் கொள்ளும் வாளிகள் மூன்று போதும். முதல் வாளி, தூசியை நனைத்து இறக்குவதற்கு. நீரைக் குறைத்தால் வண்டியில் கீறல் விழாதா என்று கேட்பது நியாயமே. உலர்ந்த தூசியைத் தேய்த்தால் நிச்சயம் விழும். ஆகவேதான் முதலில் நனைக்கிறோம். இரண்டாம் வாளியில் கார் ஷாம்பு. பாத்திரம் துலக்கும் திரவம் வண்டியின் மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும். மூன்றாம் வாளி அலசுவதற்கு. கூரையில் தொடங்கிக் கீழிறங்கி, ஒரு பகுதியைக் கழுவி, அலசி, துடைத்த பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்ல வேண்டும். அலசும்போது வாரித் தெளிக்காமல், குவளையால் மேலிருந்து மெல்ல வழியவிட்டால் நீர் துளியாக நில்லாமல் படலமாக இறங்கும். பின்பு ஒரு மைக்ரோஃபைபர் துணியால் நீரை உறிஞ்சி, மற்றொன்றால் எஞ்சிய ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். பக்கக் கண்ணாடி, கதவு விளிம்பு, நம்பர் பிளேட் ஆகியவற்றின் இடுக்கில் தங்கிய நீர் பிறகு வழிந்து தடம் பதிக்கும். அங்கும் துடைக்க வேண்டும். முன்னரே படிந்த தடத்துக்கு, வெள்ளை வினிகரில் சமபங்கு நீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றிப் பின் அலசினால் பெரும்பாலும் கரையும்.

இனி, நீரின் கணக்கைப் பார்ப்போம். குழாய் ஒரு வாளியை ஒரு நிமிடத்தில் நிரப்புமானால், இருபது நிமிடம் பீய்ச்சுவது 300 லிட்டர். மூன்று வாளியோ 45 லிட்டர். 2019 ஜூலையில், வறண்டிருந்த சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் தண்ணீர் ரயில் சுமந்தது 25 லட்சம் லிட்டர். சுமார் 8,000 கார்களைக் குழாயால் கழுவினால் அந்த ரயில் முழுவதும் தீர்ந்துவிடும். பெங்களூரில் 2024 மார்ச்சில், குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கும் நிலை வந்தது.

“எங்கள் போர், எங்கள் மின்சாரம், யாருக்கு என்ன?” என்று சிலர் கேட்கலாம். குழாய் நம்முடையதாயினும் நிலத்தடி நீர் தெருவுக்கே பொதுவானது. நாம் மிகுதியாக இறைத்தால், ஆழமாகத் துளையிட வசதியற்ற அண்டைவீட்டாரின் கிணறு முதலில் வற்றும். தண்ணீர் லாரிக்காகக் குடத்துடன் காத்து நிற்பவர்கள் அவர்களே. கடலோரத்திலோ, நன்னீர் மட்டம் இறங்க இறங்க உப்புநீர் உள்ளே புகும். அதாவது, தடத்தைப் போக்கவென்று நாம் கொட்டும் நீரே நாளைய நீரை மேலும் உப்பாக்கி, மேலும் தடம் பதிக்கும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததாகவும் அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒரு முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாஉ. தொழுகைக்கான தூய்மைக்கே இவ்வளவு போதுமாக இருந்ததென்றால், ஒரு வாகனத்தின் மினுமினுப்புக்கு முந்நூறு லிட்டர் என்பதை எவ்விதம் நியாயப்படுத்துவோம்?

வரும் வெள்ளியன்று குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, மூன்று வாளியும் இரண்டு துணியுமாகத் தொடங்குவோம். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொள்வோம். துடைக்கும் வேலை அவர்களுக்கு விருப்பமானதே. வண்டியும் பளிச்சிடும், அண்டைவீட்டார் கிணற்றிலும் நீர் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.